மருந்து அடும் பெண்டுகள்: பணிச்சோர்வின் வரலாறு குறித்த ஒரு மறுவாசிப்பு

ஓய்வால் தீராத களைப்பு, பணியின்மீது படரும் கசப்பும் விலகலும், செய்திறன் குன்றியதென்னும் எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று கொள்ளாது, தொழில்சார் நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. எனினும் மருத்துவப் பணியாளரின் சோர்வை அவரவர் மன இயல்பில் தேடும் வழக்கம் நீடிக்கிறது. அதன் வேர், இக்கருத்தை 1974இல் ஆய்வுலகிற்குள் கொண்டுவந்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கரின் வாசிப்பில் உள்ளது.

நியூயார்க்கின் கட்டணமில்லா மருத்துவ நிலையத்தில் தாமும் உழைத்த அவர், ஈடுபாடும் அர்ப்பணிப்பும் மிக்கவரே சோர்வுக்கு எளிதில் ஆட்படுவர் என்றார். பணிநேரத்தை வரையறுக்கவும் பணியாளரை மாற்றி அமர்த்தவும் அவர் பரிந்துரைத்ததை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அவர் கண்ட களத்தில் தொண்டர்களே மிகுதி; பிழைப்புக்காகப் பணியில் நிற்பவரின் கூலி, பதவி, வேலைப்பங்கீடு ஆகியவை அங்கு நடுவிடம் பெறவில்லை. தன்னை எரித்துக்கொள்ளும் தொண்டரை அளவுகோலாக்கிய அவ்வாசிப்பு, விலக இயலாத ஊழியருக்கு அப்படியே பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் மறுப்பு.

மறுப்புக்குத் துணையாவது, காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு. அது குறிக்கும் அவ்வரசனின் ஐந்தாம் ஆட்சியாண்டை 1067–68 எனக் கணிப்பதும் உண்டு, 1069 எனக் குறிப்பதும் உண்டு. இவ்வேறுபாடு இங்கு வாதத்தைப் பாதிப்பதில்லை. பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலைக்கு, அதாவது நோயாளர் தங்கும் மருத்துவமனைக்கு, அக்கல்வெட்டு நிவந்தம், அதாவது அறக்கொடை, வகுக்கிறது. ஆண்டொன்றுக்கு மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்வோனுக்கு 30 கலமும், மூலிகையும் விறகும் கொணர்வோர் இருவருக்கு 60 கலமும், மருந்து அடும் பெண்டுகள் இருவருக்குச் சேர்த்து 30 கலமும் நெல்லாக வகுக்கப்பட்டன.

இப்பெண்களைச் செவிலியர் என்றே மொழிபெயர்ப்பது வழக்கமாயினும், 'அடுதல்' என்பது சமைத்தலைக் குறிப்பதால் அப்பெயர்ப்பு பாதியையே தருகிறது. நோயாளரைப் பேணுவதும் மருந்து காய்ச்சுவதும் ஒரே பதவியில் ஏற்றப்பட்டுள்ளன. அதற்குரிய நெல்லோ நாளொன்றுக்கு ஒருத்திக்கு நான்கு நாழி, அதாவது அரைக் குறுணி. மூலிகை கொணர்வோன் ஒருவன் பெற்றதில் இது பாதி, மருத்துவர் பெற்ற நெல்லில் ஆறில் ஒரு பங்கு. இரவு விளக்குக்கும் ஏற்பாடு செய்த அச்சாசனத்தில், அவ்விளக்கினருகே விழித்திருக்கத் தனியாள் வகுக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. அப்பொறுப்பும் இவ்விரு பெண்கள்மேல் விழுந்திருக்கக்கூடும். இது சான்றன்று, அனுமானமே. அவர்தம் களைப்பைப் பற்றிக் கல் ஒரு சொல்லும் கூறவில்லை. ஆனால் சோர்வு பிறக்கும் அமைப்பை, அதாவது கூடும் கடமையையும் குறையும் ஊதியத்தையும், அது ஐயமற்றுக் காட்டுகிறது.

பிற்காலச் சான்றுகள் இவ்வமைப்பையே வேறு உருவில் தருகின்றன. 1946இன் போர் (Bhore) குழுவின் சுகாதார அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் எனக் கணக்கிட்டது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழி 2015இல் தமிழ்நாட்டில் அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமாக, அதாவது படிகளின்றி ஒரே தொகையாக, வழங்கப்பட்டது. பணிநிரந்தரம் கோரி அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினர்.

விருத்தாசலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையிலுள்ள மங்கலம்பேட்டையைச் சூழ்ந்தவை போன்ற சமவெளிச் சிற்றூர்களில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நெறி. அந்நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், புதன்கிழமைத் தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, வீட்டுப் பார்வை ஆகியவற்றுடன் கணினிப் பதிவையும் ஏற்கிறார். பேணுதலுடன் 'அடுதல்' சேர்ந்தது போலவே இங்குப் பேணுதலுடன் பதிவு சேர்ந்துள்ளது.

சோழர் காலத்திலிருந்து இன்றுவரை அறுபடாத தொடர்ச்சி உண்டென்று இதனால் நிறுவ இயலாது; இடையிலான நூற்றாண்டுகளுக்கு இத்தகைய ஊதியக் கணக்குகள் தொடர்ந்து கிடைப்பதில்லை. சோர்வின் காரணத்தை உள்ளத்தில் தேடுமுன் பணிப்பட்டியலில் தேடவேண்டும் என்பதற்கு மட்டுமே அந்த அரைக் குறுணி இடமளிக்கிறது.