பாஞ்சோவின் மெலிவுக் குரல்

அமெரிக்க நாட்டுப் பாஞ்சோ என்றவுடன் கேட்போர் செவியில் எழுவது கணீரென்ற வன்குரல். எஃகுக் கம்பியும் உலோக வளையமும் விரைந்த விரல்நடையும் தந்த குரல் அது. இதுவே கருவியின் இயற்கைக் குரல் எனவும், தாழ்ந்தொலிக்கும் பாஞ்சோ அண்மைக் காலத்தார் கண்ட புதுமை எனவும் கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது, மெலிவே பாஞ்சோவின் பழங்குரல் என்பது எம் துணிபு.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளில் ஆக்கிக்கொண்ட கருவி இது. 1687இல் ஜமெய்க்காவிற்குச் சென்ற மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், சுரைக்குடுக்கையில் தோல் போர்த்த அத்தகைய கருவிகளின் படத்தை 1707இல் வெளியிட்ட நூலில் தந்துள்ளார். மேலை ஆப்பிரிக்காவில் ஜோலா மக்கள் இசைக்கும் அக்கோன்டிங் என்னும் கருவியும் சுரைப் பத்தரும் தோற்போர்வையும் உடையது. அதன் மூன்று நரம்புகளுள் ஒன்று குறுநரம்பு. பெருவிரல் அதனைத் தெறிக்க, மற்றொரு விரலின் நகம் நெடுநரம்பை மேலிருந்து கீழாக அடிக்கும். பழைய பாஞ்சோவை இசைத்த முறையும் இதுவே. வடிவ ஒப்புமையினும் இக்கைம்முறை ஒப்புமை வலிய சான்றாகும். வடிவத்தைக் கண்டு செய்துகொள்ளலாம்; கைம்முறையோ ஒருவர் கைபார்த்து ஒருவர் பயில்வது.

இனிச் சுருதியை நோக்குவோம். பாஞ்சோ ஆப்பிரிக்காவினின்று வந்தது என்றும், அதன் நரம்புகள் கிதாரின் கீழ் நான்கு நரம்புகளை ஒத்தன என்றும் தாமஸ் ஜெபர்சன் வர்ஜீனியா பற்றிய தம் நூலில் குறித்தார். அக்காலத்துக் கிதார் இன்றைய கிதார் அன்று. ஆதலின் இதனைச் சுருதிக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் சாலாது. தெளிவான சான்று, பிரிக்ஸ் என்பார் பெயரால் 1855இல் பாஸ்டனில் வெளிவந்த பயிற்சி நூலே. அது கூறும் நரம்பமைப்பையும் பின்னாளில் பெருவழக்கான அமைப்பையும் ஒப்பிடின், நரம்புகளுக்கிடையேயுள்ள சுர உறவுகள் சிறிதும் வேறுபடவில்லை. அமைப்பு முழுவதும் உழை என்னும் மத்திம அளவு மேலேறியுள்ளது. பழங்கருவிக்கு மெட்டுகள் இல்லை, பத்தர் அகன்றது, நரம்புகள் விலங்கின் குடரால் ஆனவை. நரம்பு என்னும் நம் சொல்லே இத்தகைய கருவிக்குப் பொருந்தும். கம்பி என்றல் பொருந்தாது.

ஏற்றத்திற்குக் காரணம் இசைத்தேவை மட்டுமன்று. 1843 முதல் நியூயார்க்கு மேடைகளில் வெள்ளையர் முகத்திற் கரிபூசிக் கறுப்பரை எள்ளி நடித்த கூத்துகள் பெருகின. பாஞ்சோ அவற்றின் அடையாளமாயிற்று. பிலடெல்பியாவில் கருவி செய்த எஸ். எஸ். ஸ்டூவர்ட் முதலானோர் 1880களில் அதனைச் செல்வர் இல்லத்துக் கருவியாக உயர்த்த முயன்றனர். மெட்டும் மெருகும் ஏறின; சுருதியும் ஏறியது. தம்மை இழிவுசெய்த கூத்தின் சின்னமாகிவிட்ட கருவியைக் கறுப்பினத்தார் பலரும் கைவிட்டனர்; அவர்களை எவ்வாறு குறை கூறுவது? விளைவு மட்டும் கொடிது. படைத்தவர்க்கே அக்கருவி அயலதாயிற்று.

ஸ்டூவர்ட் பல அளவிற் பாஞ்சோக்களைச் செய்து, குழுவிசைக்கெனத் தாழ்சுருதிக் கருவியையும் சேர்த்தார் என்பது நோக்கத்தக்கது. மேலேற்றிய குரலின் அடியில் ஒரு வெற்றிடம் நேர்ந்தது போலும்! பின்னர்க் கிப்சன் நிறுவனம் செய்த நான்கு கம்பிச் செல்லோ பாஞ்சோ, டெனர் பாஞ்சோவிற்கு ஒரு தானம் கீழே, செல்லோவைப் போன்றே சுருதி கூட்டப்பெறுவது. பாஞ்சோக் குழுக்கள் மறையவே அதுவும் அருகியது. இந்நூற்றாண்டில் புளோரிடாவின் கோல்டு டோன் நிறுவனம் அதனை மீண்டும் செய்தது. மார்சி மார்க்சர் அதனை மேடையேற்றினார்.

எனினும் மீட்பின் உயிர்நிலை வேறிடத்தது. 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞரும் ஆய்வாளரும் கூடினர். அதன் விளைவாய் எழுந்த கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவினர், ஜோ தாம்சன் (1918–2012) என்னும் முதிய பிடில் கலைஞரிடம் நேரிற் பயின்றனர். நூல்வழி மீட்பும் கைவழி மரபும் இங்கே கூடின. அக்குழுவைச் சேர்ந்த ரியானன் கிடென்ஸ், 1858ஆம் ஆண்டுக் கருவியொன்றன் படியாகச் செய்த மெட்டில்லாப் பாஞ்சோவை இசைக்கிறார். கரிபூசிய கூத்தின் காலத்துக் கருவியையே அவர் தேர்ந்தது பலர்க்கு வியப்பளிக்கலாம். அதன் மெலிந்த குரல் பாடுவோர் குரலை மறைப்பதில்லை. நரம்பொலி அதனடியில் தங்கி நிற்கிறது. 2017இல் வெளியான அவருடைய இசைத்தொகுப்பில் ஒரு பாடல், அடிமைப் பெண் ஒருத்தியை விற்க வெளியிட்ட பழைய விளம்பரத்தினின்று பிறந்தது. அவளுடைய கைக்குழந்தையைச் சேர்த்து வாங்குவதும் தவிர்ப்பதும் வாங்குவோர் விருப்பம் என்பது அவ்விளம்பரத்தின் செய்தி.