பாட்டும் ஒரு தொழில்: அலிகேட்ஸ் குழுவின் வரலாறு



"பாட்டு சோறு போடுமா?" என்று ஒருமுறையாவது கேட்காத தோட்டத்து வீடு குறைவு. கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கும் பையனைத் தோட்டமே மெச்சும். அதே பையன், "இசையையே தொழிலாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால் தாயும் தந்தையும் திகைத்துப் போவார்கள். அந்தத் திகைப்பில் நியாயம் உண்டு. ஆயினும் கேள்விக்கு விடை தேடும்போது, நம் நாட்டிலேயே இசையைத் தொழிலாகக் கொண்டு பல்லாண்டு நிலைத்த ஒரு குழுவின் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுள்ளது. பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவைப் பற்றியே இன்று பேச இருக்கிறோம்.

அலிகேட்ஸ் என்றால் சந்துகளில் திரியும் பூனைகள் என்று பொருள். பெயர் ஆங்கிலம்; அவர்கள் புகழ் பெற்றது மலாய்ப் பாடல்களால்; முன்னின்று பாடிய சகோதரர்களோ டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழர்கள். குழுவில் பல இனத்தவரும் இருந்தார்கள். இத்தகைய ஒரு குழு பினாங்கில் தோன்றியதில் வியப்பில்லை. அது துறைமுக நகரம். கப்பலோடு சரக்கு மட்டும் வருவதில்லை. பாட்டும் வரும், வாத்தியமும் வரும். மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞர் பி. ரம்லி 1929-இல் பிறந்ததும் அந்தத் தீவில்தான்.

1960-களின் இறுதியில் இந்தக் குழு உருவானது. அப்போது பினாங்கில் ஆங்கிலப் பாட்டுக்கு நல்ல கிராக்கி இருந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். அங்கே ஆஸ்திரேலிய வீரர்கள். வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்காக அமெரிக்கப் போர்வீரர்களும் பினாங்குக்கு வந்து போனார்கள். ஹோட்டல்களிலும் இரவு விடுதிகளிலும் அவர்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடுகிறவர்களுக்கு வேலை கிடைத்தது. கித்தாரும் டிரம்ஸும் கற்ற பினாங்கு இளைஞர்கள் பலர் இப்படித்தான் மேடை ஏறினார்கள்.

நேயர்களே, இரவு விடுதியில் பாடுவது திருமண வீட்டில் ஆசைக்கு இரண்டு பாட்டுப் பாடுவதைப் போன்றதன்று. இரவுக்கு இரவு பாட வேண்டும். கேட்பவர் விரும்பும் பாட்டைப் பாட வேண்டும்; புதிதாக வந்த பாட்டை உடனே பாடம் பண்ண வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டாலும் மேடைக்கு வந்தாக வேண்டும். ஒருவர் தாளம் தவறினால் எல்லாரும் தவறுவார்கள். விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்தில் நின்று, மழையா வெயிலா என்று பாராமல் பால் வெட்டப் போன நம் மக்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. நேரமும் கைப்பழக்கமும் வேறு, உழைப்பு ஒன்றுதான்.

1970-களில் அலிகேட்ஸ் குழுவினர் வேலை தேடி ஹாங்காங் சென்றார்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டுவது நமக்குப் புதிதா? நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்ததும் அதற்காகத்தானே. அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கின் விடுதிகளில் நல்ல வாத்தியக் குழுக்களுக்குத் தேவை இருந்தது. தங்களை அறியாத ஊரில், தங்கள் மொழி பேசாத மக்கள் முன்னிலையில் பாடி, அவர்களை உட்கார வைப்பது கடினமான பயிற்சி. பின்னாளில் மேடையில் அவர்களிடம் காணப்பட்ட பதற்றமில்லாத தோரணை அத்தகைய பயிற்சியால் வருவது. உருண்டையாகப் பரந்து நின்ற அவர்களுடைய சுருட்டை முடியும் அந்தக் காலத்து அடையாளமாகப் பலர் நினைவில் நிற்கிறது.

அவர்கள் வெளியூரில் பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தாய்நாடு மாறிக்கொண்டிருந்தது. 1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம் மலாய் மொழியை நாட்டின் ஆட்சிமொழியாக உறுதிப்படுத்தியது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் வழிக்கு மாறின. ஆகவே 1970-களின் முடிவில் வளர்ந்து வந்த இளைஞர் கூட்டம் மலாயில் படித்த கூட்டம். அவர்கள் தங்கள் மொழியில் புதிய பாட்டுக் கேட்க விரும்பினார்கள். அதே சமயத்தில் கேசட் பரவியது. இசைத்தட்டுக்குப் பெரிய கருவி வேண்டும். கேசட்டையோ சிறிய பெட்டியில் போட்டு லயத்து வாசலிலும் கேட்கலாம். வானொலியும் கேசட்டும் சேர்ந்து ஒரு பாட்டை ஒரே மாதத்தில் பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

இந்த மாற்றத்தை அலிகேட்ஸ் குழுவினர் பயன்படுத்திக்கொண்டார்கள். 1979-இல் "தெரிமா காசே" என்ற அவர்களுடைய மலாய்ப் பாடல் தொகுப்பு வெளிவந்தது. அதற்கு நன்றி என்று பொருள். ஆங்கிலப் பாட்டில் பெயர் எடுத்தவர்கள் மலாய்ப் பாட்டுக்கு வந்தது சிறிய காரியமன்று. சொல்லை உச்சரித்தால் மட்டும் போதாது. அந்த மொழிக்காரர் மனம் உருகும்படி பாட வேண்டும். 1957-இல் சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற திறமை மிக்க இசையமைப்பாளர்களின் பாடல்கள் அவர்களுக்குத் துணை நின்றன. "சென்யும்லா கோலாலம்பூர்", "ஹிங்கா அக்கீர் நந்தி" முதலிய பாடல்கள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. லோகா என்று மக்கள் அன்போடு அழைத்த லோகநாதனின் குரல், அவருடைய பெயரைக்கூட அறியாத கம்பத்துக் குடும்பங்களுக்கும் சொந்தமாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். தமிழ்ப் பிள்ளைகளாயிற்றே, ஏன் தமிழில் பாடிப் புகழ் பெறவில்லை? அன்றைய சந்தையை எண்ணிப் பார்த்தால் விடை விளங்கும். நம்மவர் கடையில் வாங்கியதும், வானொலியில் விரும்பிக் கேட்டதும் பெரும்பாலும் தமிழகத்துத் திரைப்பாடல். உள்ளூர்த் தமிழ்ப் பாடகர் ஒருவர் கேசட் போட்டால், கோடம்பாக்கம் முழுவதையும் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. மலாய்ப் பாட்டுக்கோ இங்கேயே பதிவு நிறுவனமும் இங்கேயே கேட்போரும் இருந்தார்கள். எனவே சகோதரர்களை மட்டும் கேட்டுப் பயனில்லை. உள்ளூர்க் கலைஞரின் பாட்டை நாம் காசு கொடுத்து வாங்கினோமா என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே வேளையில் இன்னொன்றையும் மறக்கலாகாது. அவர்கள் தந்தை பெயரை மறைத்துக்கொள்ளவில்லை. ஆறுமுகம் என்ற பெயர் மலாய் இசை வரலாற்றில் அப்படியே நிற்கிறது.

புகழ் இருந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஒரு பாட்டில் பலருக்குப் பங்கு உண்டு. வரிகளை எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், பதிவு செய்து விற்றது ஒரு நிறுவனம். யாருக்கு என்ன உரிமை, எவ்வளவு வருமானம் என்பதைச் சட்டமும் ஒப்பந்தமும் முடிவு செய்கின்றன. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் இரவுச் சந்தைகளில் திருட்டுக் கேசட்டுகள் மலிந்து கிடந்தன. நாம் மலிவாக வாங்கிய அந்தக் கேசட்டில் கலைஞருக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் அனுபவம் மிக்க கலைஞர்கள் பதிவை மட்டும் நம்பாமல், விருந்து, விழா, மேடை என்று பாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

2007 ஜூன் 4-ஆம் நாள் லோகநாதன் காலமானார். நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டு சென்றது. பக்கத்தில் நின்று பாடிய தம்பியை இழந்த பின்னரும் டேவிட் ஆறுமுகம் குழுவைக் கலைத்துவிடவில்லை. டத்தோ விருது பெற்ற அவர் தொடர்ந்து மேடையேறினார். உறுப்பினர்கள் மாறினாலும் பெயரும் பாட்டும் நிலைத்தன.

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். பாட்டு சோறு போடுமா? போடும், ஆனால் எல்லாருக்கும் போடாது, எப்போதும் போடாது. ஆகவே பிள்ளை இசையை விரும்பினால் தடுக்காதீர்கள். படிப்பை விடவும் விடாதீர்கள். தாளத்தையும் சுருதியையும் முறைப்படி கற்கட்டும். தமிழோடு நாட்டு மொழியையும் பிழையறக் கற்கட்டும். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் பழக்கமும் வரட்டும். முக்கியமாக, நான்கு பேரோடு சேர்ந்து நாள் தவறாமல் உழைக்க முடியுமா என்று கவனியுங்கள். குரல் இனிமை பலருக்கு உண்டு. சேர்ந்து உழைக்கும் பொறுமை சிலருக்கே உண்டு. உங்கள் தோட்டத்து உறுமிக் குழுவில் எந்தப் பையன் ஒத்திகைக்கு முதலில் வந்து கடைசியில் போகிறான் என்று பாருங்கள். அவனிடம் பேச வேண்டிய நேரம் இதுதான்.