மிடி கோப்பில் நேரக் கணக்கு
மிடி கோப்பில் வினாடிகள் நேரடியாக எழுதப்படுவதில்லை. ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை ‘டிக்’ என்பது மட்டுமே பதிவாகும். ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு எத்தனை டிக் என்பதைக் கோப்பின் தலைப்பகுதி சொல்லும். 96, 480, 960 ஆகியவை வழக்கமான எண்கள்.

டெம்போவும் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று இருக்காது. ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு எத்தனை மைக்ரோவினாடி என்றே கோப்பு குறிக்கிறது. ஒரு நிமிடத்தின் 6 கோடி மைக்ரோவினாடிகளைத் தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். 120 தட்டுக்கு 5,00,000. கோப்பில் டெம்போ குறிக்கப்படாவிட்டால் இதையே கொள்ள வேண்டும். 140 தட்டுக்கோ வகுத்தல் மீதியின்றி முடியாது, 4,28,571 என்று முழு எண்ணாக்க வேண்டியதுதான். இழப்பு அற்பம், காதுக்குத் தெரியாது.

டெம்போவை டிக் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு டிக்கின் நீளம் வரும்: 5,00,000 / 480, ஏறத்தாழ 1,042 மைக்ரோவினாடி.

சிக்கல் தொடங்குவது டெம்போ நடுவில் மாறும்போது. 480 டிக் கோப்பில் முதல் 7,680 டிக் 120 வேகத்திலும், அடுத்த 1,920 டிக் 90 வேகத்திலும் ஓடினால், 8 வினாடியும் 2.667 வினாடியும் சேர்ந்து 10.667 ஆகும். கடைசி டெம்போவை மட்டும் வைத்து மொத்தத்தையும் பெருக்கும் நிரல் 13.33 என்று தவறாகச் சொல்லும். புதிதாக நிரல் எழுதுவோர் எளிதில் சறுக்கும் இடம் இது.

6/8 தாளத்திலும் அடிப்படை அலகு குவார்ட்டர் நோட்டுதான். புள்ளியிட்ட குவார்ட்டர் நோட்டு நிமிடத்துக்கு 60 என்றால், கோப்பின் கணக்கில் வேகம் 90.