இருந்தேன், இருந்திருக்கிறேன்: ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழர் தடுமாறும் இடம்

“நான் மூன்று வருடம் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்திருக்கிறேன்.” தமிழில் இதைக் கேட்பவர், சொல்பவர் இப்போது அந்தச் சங்கத்தில் இல்லை என்றே பெரும்பாலும் விளங்கிக்கொள்வார். எப்போதோ இருந்த ஓர் அனுபவத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் ‘ஐ ஹேவ் பீன் எ மெம்பர் ஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்று வரும். ஆங்கிலம் பேசுபவரின் காதில் அதன் பொருள் நேர் எதிரானது: மூன்று வருடத்துக்கு முன்னர் சேர்ந்தார், இன்றும் உறுப்பினராக இருக்கிறார்.

வாக்குமூலங்கள், விண்ணப்பங்கள், கடிதங்கள் ஆகியவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். எழுத்துப் பிழை இருந்தால் வாசிப்பவர் திருத்தி வாசித்துக்கொள்வார். ஆனால் மேலே காட்டியது போன்ற வசனத்தில் பிழை இருப்பதே அவருக்குத் தெரியாது. இலக்கணம் சரியாக இருக்கும், பொருள்தான் வேறாக இருக்கும். புகலிடம் கோருபவர் முதல் நேர்காணலில் ஒரு விதமாகவும் இரண்டாவதில் வேறு விதமாகவும் சொல்லிவிட்டார் என்று ஓர் அதிகாரி குறிப்பெழுத அதுவே போதும். ஆகவே சிம்பிள் பாஸ்ட், பிரசன்ட் பேர்பெக்ட் என்று பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை, தமிழ் பேசுபவரின் பக்கத்திலிருந்து இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அடிப்படை விதி

சிம்பிள் பாஸ்ட், முடிந்துபோன காலத்துக்கு உரியது. நேற்று, போன கிழமை, 2009இல், பத்து வருடங்களுக்கு முன்னர் என்று காலத்தைக் குறித்துவிட்டால் வேறு தெரிவே இல்லை. ‘ஐ கேம் யெஸ்டர்டே’ சரி, ‘ஐ ஹேவ் கம் யெஸ்டர்டே’ பிழை. ‘வென்’ என்று தொடங்கும் கேள்வியும் அப்படியே. ‘வென் ஹேவ் யூ கம்?’ என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. ‘வென் டிட் யூ கம்?’ என்பதே சரி.

பிரசன்ட் பேர்பெக்ட், பெயரிலேயே இருப்பதுபோல, நிகழ்காலத்தோடு கட்டப்பட்டது. நடந்தது முன்னராக இருக்கலாம், பேச்சு இப்போதைய நிலை பற்றியது. ‘ஐ ஹேவ் லொஸ்ட் மை பாஸ்போர்ட்’ என்றால் கடவுச்சீட்டு இன்னும் கிடைக்கவில்லை. ‘ஐ லொஸ்ட் மை பாஸ்போர்ட்’ என்றால் தொலைந்தது மட்டும் தெரிகிறது, பிறகு கிடைத்ததா இல்லையா என்பது தெரியாது. ‘ஹி ஹேஸ் கோன் டு கனடா’ என்றால் ஆள் இன்னும் கனடாவில். ‘ஹி ஹேஸ் பீன் டு கனடா’ என்றால் போய்வந்துவிட்டார்.

காலம் முடிந்ததா என்பதும் முக்கியம். காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மோர்னிங்’ என்று சொல்லலாம். அதே விடயத்தைப் பின்னேரம் சொல்லும்போது காலை முடிந்துவிட்டது. அப்போது ‘ஐ சோ ஹிம்’ ஆகிவிடும்.

தமிழ் எங்கே வழிமாற்றுகிறது

தமிழிலும் ‘வந்தார்’, ‘வந்திருக்கிறார்’ என்று இரண்டு உண்டு. அதனால் ஒன்றுக்கு ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று தோன்றும். மூன்று இடங்களில் அது பொருந்தாது.

முதலாவது, ‘இருக்கிறது’ தமிழில் ஊகத்தையும் காட்டும். காலையில் முற்றம் ஈரமாகக் கிடந்தால் “இரவு மழை பெய்திருக்கிறது” என்கிறோம். பெய்ததைப் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் நைட்’ வந்தவுடன் பிரசன்ட் பேர்பெக்டுக்கு இடமில்லை. ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுத வேண்டும். ஊகம் என்பதையும் காட்ட விரும்பினால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ உண்டு.

இரண்டாவது, தமிழின் சாதாரண இறந்தகாலம் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். வீட்டுக்கு வந்தவரிடம் “சாப்பிட்டியளோ?” என்று கேட்கிறோம். அது ‘ஹேவ் யூ ஈட்டன்?’ ஏனென்றால் கேள்வி இப்போது பசிக்கிறதா என்பதுதான். “நேற்றுக் கலியாண வீட்டில் சாப்பிட்டியளோ?” என்றால் ‘டிட் யூ ஈட்?’ தமிழ் வினை மாறவில்லை, ஆங்கில வினை மாறுகிறது.

மூன்றாவதுதான் அதிகம் சிக்கல் தருவது. “ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்” என்பது தமிழில் நிகழ்காலம். அதனால்தான் ‘ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் தொடங்கி இன்றுவரை தொடர்வது பிரசன்ட் பேர்பெக்ட்: ‘ஐ ஹேவ் வேர்க்ட் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’, அல்லது ‘ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஹியர்’. கால அளவுக்கு ‘ஃபோர்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’. ஐந்து வருடம் என்பது அளவு, 2019 என்பது புள்ளி.

விண்ணப்பத்திலும் நேர்காணலிலும்

வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வேர்க்ட் தெயர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினால், வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் அங்கேதான் என்றால் ‘ஹேவ் வேர்க்ட்’. ‘2015 முதல் 2019 வரை’ என்று முடிவும் கொடுத்துவிட்டால் மீண்டும் ‘வேர்க்ட்’ மட்டுமே.

விசாப் படிவங்களில் ‘ஹேவ் யூ எவர் பீன்...’ என்று தொடங்கும் கேள்விகள் வரும். விசா மறுக்கப்பட்டதா, கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்பார்கள். ‘எவர்’ என்றால் பிறந்த நாள் முதல் இன்றுவரை. அண்மைக் காலத்தை மட்டும் கேட்கிறார்கள் என்று நினைத்து ‘இல்லை’ போட்டால், அது உண்மையை மறைத்ததாகக் கொள்ளப்படக்கூடும். கேள்வி பிரசன்ட் பேர்பெக்டில் இருந்தாலும் பதிலில் ஆண்டு வந்தால் சிம்பிள் பாஸ்ட்தான்: ‘யெஸ், ஐ வோஸ் அரெஸ்டட் இன் 2008’.

மேலே சொன்ன உறுப்பினர் வசனத்தைப் பாதுகாப்பாக எழுதும் வழியும் இதுவே. விலகிவிட்டவர் ‘ஐ வோஸ் எ மெம்பர்’ என்று எழுதித் தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் சேர்த்துவிட வேண்டும். ஆண்டுகள் இருக்கும்போது ஐயத்துக்கு இடமில்லை.

செய்தி மொழி, பிற மொழி

நமது செய்திகளில் “அமைச்சர் நேற்றுத் தெரிவித்துள்ளார்” என்று எழுதுவது வழமை. ஆங்கிலச் செய்தி முதல் வசனத்தில், நாள் குறிக்காமல், ‘ஹேஸ் அனவுன்ஸ்ட்’ என்று தொடங்கலாம். அடுத்த வசனத்தில் செவ்வாய்க்கிழமை என்று வந்தவுடன் ‘செட்’, ‘டோல்ட்’ என்று சிம்பிள் பாஸ்டுக்கு இறங்கிவிடும். ‘உள்ளார்’ கண்ட இடமெல்லாம் ‘ஹேஸ்’ போட்டு மொழிபெயர்ப்பது சரிவராது.

பாரிஸிலும் ஜெர்மனியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு தடை. பேச்சுப் பிரெஞ்சிலும் பேச்சு ஜெர்மனிலும் ‘ஹேவ்’ போன்ற துணைவினை சேர்ந்த வடிவமே சாதாரண இறந்தகாலமாகப் பயன்படுகிறது; ‘நேற்று’ அதனோடு தாராளமாகச் சேரும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று வந்துவிடுகிறது. அமெரிக்காவில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்பது வழக்கம். பிரித்தானிய வழக்கில் அது ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ நமது பாடசாலைகள் பின்பற்றுவது பிரித்தானிய வழக்கை.

இருப்பவரும் இல்லாதவரும்

ஓர் எழுத்தாளரைப் பற்றி ‘ஹி ஹேஸ் ரிட்டன் டென் புக்ஸ்’ என்றால் அவர் உயிரோடு இருக்கிறார், பதினோராவதும் வரலாம். ‘ஹி ரோட் டென் புக்ஸ்’ என்றால் எழுத்து முடிந்தது, பெரும்பாலும் ஆளும் இல்லை. இந்த நுணுக்கம் இலக்கண வகுப்பில் சிறிய விடயம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அது சிறிய விடயமல்ல.

‘மை சன் வோஸ் மிஸ்ஸிங்’ என்று எழுதினால், ஒரு காலத்தில் காணாமல் இருந்தார், இப்போது அந்த நிலை இல்லை என்றே வாசிக்கப்படும். ‘மை சன் ஹேஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009’ என்பதே தாய் சொல்ல வந்தது. கொண்டுபோன சம்பவத்துக்குத் திகதி உண்டு, அது சிம்பிள் பாஸ்ட்: ‘ஹி வோஸ் டேக்கன் இன் மே 2009’. அதன் பின்னான காத்திருப்பு முடியவில்லை, அது பிரசன்ட் பேர்பெக்ட்: ‘வீ ஹேவ் நொட் சீன் ஹிம் சின்ஸ்’. ‘வீ டிட் நொட் சீ ஹிம் அகெய்ன்’ என்று போட்டால் கதையை நாமே முடித்துவைத்ததாகிவிடும்.

சட்டமும் இங்கே இலக்கணத்தோடு உடன்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1992இல் ஏற்றுக்கொண்ட வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான பிரகடனத்தின் 17ஆவது உறுப்புரை, காணாமல் ஆக்கப்பட்டவருக்கு என்ன நடந்தது, அவர் எங்கே என்பது மறைக்கப்பட்டிருக்கும் வரை அதைத் தொடரும் குற்றமாகவே கருதுகிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கியபோது கேட்டதும் இதே பதிலைத்தான்.

“அவன் நல்லாப் பாடுவான்” என்று ஒரு தாய் சொல்லும்போது, ‘ஹி சிங்ஸ்’ என்பதா ‘ஹி சாங்’ என்பதா என்று விதி சொல்லாது. அந்த இடத்தில் நான் முடிவெடுப்பதில்லை, குடும்பத்திடம் கேட்டு எழுதுகிறேன். மற்ற இடங்களில் இரண்டு கேள்விகள் போதும்: திகதி இருக்கிறதா? இல்லையென்றால், விடயம் இன்னும் முடியவில்லையா? முதலாவதுக்கு ‘ஆம்’ என்றால் சிம்பிள் பாஸ்ட். இரண்டாவதுக்கு ‘ஆம்’ என்றால் பிரசன்ட் பேர்பெக்ட். உங்களுக்காக வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தால், கையெழுத்து வைக்குமுன் ஒவ்வொரு வசனத்துக்கும் இந்த இரண்டு கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள்.