பறக்கும் தேவதூதன் பிறந்த கதை

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளுக்கு நன்றாகத் தெரிந்த சின்னம் ஒன்று உண்டு. சிறகு விரித்துப் பறக்கும் தேவதூதன். 'மிஷன் டு சீஃபேரர்ஸ்' என்ற கடலோடிகள் மிஷனின் அடையாளம் அது. இந்தச் சின்னம் பிறந்ததற்குக் காரணம் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி.

வருடம் 1835. ஜான் ஆஷ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் தங்கியிருந்தார். கடலுக்குள் தெரிந்த இரண்டு குட்டித் தீவுகளைக் காட்டி அவருடைய மகன் கேட்டான்: "அங்கே இருக்கிறவங்க எப்படிக் கோயிலுக்குப் போவாங்க?" ஆஷ்லிக்குப் பதில் தெரியவில்லை. படகு பிடித்துத் தீவுகளுக்குப் போய்விட்டு வந்தார். அப்போதுதான் தீவுகளைவிடப் பெரிய கூட்டம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. காற்று திரும்புவதற்காக நங்கூரம் போட்டு, நாள் கணக்கில் காத்துக் கிடந்த பாய்மரக் கப்பல்கள். 'இந்த ஆட்களைப் போய்ப் பார்ப்பது யார்?' என்று விசாரித்தார். யாருமில்லை.

தனக்கு வரவிருந்த திருச்சபைப் பதவியை விட்டுவிட்டு அந்த வேலையில் ஆஷ்லி இறங்கினார். 'ஐரீன்' என்ற பாய்க்கப்பல் அவருக்காகக் கட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் சிற்றாலயம், மேலே பாய்மரம். அதில் ஏறி ஒவ்வொரு கப்பலாகப் போனார். உடம்பு ஒத்துழைக்காமல் 1850-ல் அவர் ஒதுங்கியதும் வேலை தடுமாறியது. ஆனாலும் கருத்து சாகவில்லை. 1856-ல் இது முறையான அமைப்பாயிற்று. 1858-ல் கொடி வந்தது. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில், எல்லா மக்களுக்கும் செய்தி சுமந்து வானத்தில் பறக்கும் தூதனே அந்தக் கொடியில் ஏறினான். 1920-ல் கிளாஸ்கோவில் கத்தோலிக்கர்கள் தொடங்கிய இதேபோன்ற அமைப்பு இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்று அழைக்கப்படுகிறது.

ஆஷ்லி கண்டுபிடித்தது புது ஜெபமோ புதுப் பிரசங்கமோ அல்ல. துணை தேவைப்படுகிறவன் நம்மிடம் வரட்டும் என்று காத்திராமல், அவன் வேலை செய்யும் இடத்துக்கே நாம் போக வேண்டும் என்பதுதான் அவர் செய்த மாற்றம்.

வடசென்னைக் கடற்கரைக்கு அந்த மாற்றம் நன்றாகவே பொருந்தியது. ராயபுரத்தை ஒட்டி 1881 முதல் சென்னைத் துறைமுகம், 2001 முதல் எண்ணூர்த் துறைமுகம், பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. நிலக்கரியும் கன்டெய்னரும் இறக்கும் கப்பல்களில் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். 2004-ல் உலகத் துறைமுகங்களில் பாதுகாப்பு விதிகள் இறுகிய பிறகு கரையிறங்குவதே பெரும்பாடு. எனவே கப்பலின் ஏறுபடியான கேங்வே வழியாக மிஷன்காரரே ஏறிப் போகிறார். முதலில் கேட்கப்படுவது ஜெபமல்ல, சிம் கார்டு. வீட்டுக்குப் பேச வேண்டுமல்லவா?

நடுக்கடலில் ஒருவர் இறந்துவிட்டால் நிலைமை வேறு. கரை வரும்வரை உடல் கப்பலின் குளிர் அறையில் இருக்கும். உடலைத் தூக்கிக் கிடத்திய கைகள் அவரோடு வேலை செய்தவர்களுடையவை. கரைக்கு வந்ததும் போலீஸ், ஏஜென்ட், தூதரகம் என்று காகித வேலை நடக்கும். மிஷன்காரர் வருவது கப்பலில் மிச்சமிருப்பவர்களுக்காக. இறந்தவரின் கேபினில் பிரார்த்தனை செய்வார், கூட உட்கார்ந்து பேசவிடுவார், குடும்பத்துக்குச் செய்தி போக உதவுவார். இந்து மாலுமிக்கும் முஸ்லிம் மாலுமிக்கும் அதே மனிதர்தான்.

சென்னைப் புழல் சிறைக்குள்ளும் மிஷனின் இந்தக் கதை போயிருக்கிறது. 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கடற்கொள்ளைத் தடுப்புக் காவல் கப்பல் தூத்துக்குடிக்கு அருகே ஆயுதங்களோடு பிடிபட்டது. இந்தியர், பிரிட்டிஷார், எஸ்தோனியர், உக்ரைனியர் என 35 பேர் கைதானார்கள். 2016 ஜனவரியில் ஐந்தாண்டு தண்டனை, 2017 நவம்பர் 27-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விடுதலை. இடைப்பட்ட காலத்தில் சிறைக்குப் போய் அவர்களைப் பார்த்துப் பேசியதும், கடல் கடந்து தவித்த குடும்பங்களுக்குத் துணை நின்றதும் இந்த மிஷன்.

கப்பலுக்காகப் பிறந்த பழக்கம் கப்பலோடு நின்றுவிட வேண்டியதில்லை. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் குருக்கள் இருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் பட்டியலில் முதலாவதாகச் சான்றளிக்கப்பட்டவரே, வீரர்களோடு கோபுரத்துக்குள் போன நியூயார்க் தீயணைப்புத் துறைக் குரு மைக்கேல் ஜட்ஜ்தான். இதற்குக் குருதான் வேண்டும் என்றுமில்லை. 1986-ல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்களை அனுப்பி, கிடைத்த பலனை ஆய்வாகவும் பதிவு செய்தது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் துணையோடு தமிழகக் காவல்துறை தன் காவலர்களுக்காக 'நிறைவாழ்வுப் பயிற்சி' தொடங்கியது. வழி இருக்கிறது.

தேவையும் இருக்கிறது. 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். அவரோடு வண்டியில் வந்தவர்கள் அடுத்த அழைப்புக்கும் போயாக வேண்டும். 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். அவர்களின் குடும்பங்கள் இருந்தது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இழப்பீட்டை அறிவிக்க அரசு உண்டு. உடலை அனுப்ப வண்டி உண்டு. இந்தியில், அசாமியில் அந்த வீட்டாரோடு பேசவும், இடிபாட்டிலிருந்து உடலை எடுத்தவர் பக்கத்தில் உட்காரவும் ஆள் வேண்டும்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகள் அவசரகாலத் திட்டம் எழுதும்போது அந்த ஆளையும் அதில் எழுத வேண்டும். பெயர், போன் நம்பர், தெரிந்த மொழி, விபத்து நடந்த எத்தனை மணி நேரத்தில் வந்து நிற்பார் என்பதோடு.