ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநலச் சிகிச்சை: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ மாதந்தோறும் மாத்திரை வாங்கச் செல்லும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, உங்கள் மனநலம் குறித்தும் மருத்துவரிடம் பேசலாம். 1996-இல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்தின் நோக்கங்களுள் இதுவும் ஒன்று.

மனச்சோர்வு உள்ளவர்களில் பலர், மனம் சரியில்லை என்று சொல்லி மருத்துவரிடம் வருவதில்லை. தலைவலி, உடல் அசதி, படபடப்பு, தூக்கமின்மை என்றே கூறுவர். பரிசோதனைகளில் குறை எதுவும் தெரியாது. மாத்திரைகள் மாறும், தொல்லை தீராது. சர்க்கரை நோயாளிக்கு மனச்சோர்வும் சேர்ந்தால் மாத்திரை, உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றில் கவனம் குறைந்து, சர்க்கரை அளவும் கட்டுக்குள் வராமல் போகலாம்.

மருத்துவர் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கக்கூடும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்தோ நம்பிக்கை இழந்தோ இருந்தீர்களா? வழக்கமாக விரும்பிச் செய்யும் செயல்களில் ஆர்வம் குறைந்துள்ளதா? "அப்படி ஒன்றுமில்லை டாக்டர்" என்று பழக்கத்தால் கூறிவிடாதீர்கள். அவர் கேட்காவிடில் நீங்களே தெரிவியுங்கள். பிறர் முன்னிலையில் பேசத் தயக்கம் இருப்பின் தனியே பேச வேண்டும் எனக் கேளுங்கள். உங்கள் நோய் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கும் உரிமை.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தர 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். முதல் சில நாட்களில் குமட்டலோ வயிற்றுத் தொல்லையோ ஏற்படலாம். பலன் தெரியுமுன் தொல்லை தெரிவதால், பலர் இக்கட்டத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. குணமடைந்த பின்னரும் பொதுவாக 6 மாதங்களேனும் தொடர வேண்டும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. நோய் கடுமையாக இருப்பின் மனநல மருத்துவரிடம் அனுப்பப்படுவீர்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு: "வாழப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் கூறினால், தற்கொலை எண்ணம் உள்ளதா என நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். எலி மருந்தை மறந்துவிட வேண்டாம். டெலி-மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

தற்கொலைக்கு முயன்றிருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வழக்கு வரும் என அஞ்சித் தாமதிக்காதீர்கள். பிறிதாக மெய்ப்பிக்கப்படாத வரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே மேற்கூறிய சட்டம் கொள்கிறது. அவரைத் தண்டிக்க அது இடமளிப்பதில்லை.