நிழற்படம்

ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு எழுத்தைக் குறிக்கும் சொல்லைப் புணர்த்தி, 1839ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி வழக்கிற்குக் கொணர்ந்த பெயரே போட்டோகிராபி என்பது. அதற்கு நம்மவர் புகைப்படம், ஒளிப்படம், நிழற்படம் என மூன்று பெயர்களைத் தந்தனர். இவற்றுள் நிழற்படம் என்பதன் தாற்பரியம் ஆழமானது. நிழல் என்பதற்கு இருள்வடிவம் மட்டுமன்றிப் பிரதிபிம்பம், ஒளி, குளிர்ச்சி, அருள் என்னும் பொருள்களும் உண்டு. வடமொழிச் சாயா என்பதும் நிழலையும் காந்தியையும் ஒருங்கே உணர்த்தும். சிங்களவரின் சாயாரூபய என்னும் வழக்கு அதன்வழி வந்ததே.

உருவம் சமைத்தலை விலக்கும் இஸ்லாமிய மரபில் படம்பிடித்தல் ஆகுமா என்ற வாதம் எழுந்தபோது, எகிப்தின் முப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முத்தீஈ, இது படைத்தலன்று, ‘ஹப்சுல் ழில்’, அதாவது நிழலை மறித்து வைத்தலே என்று விளக்கி அதனை அனுமதித்தார். மறித்தலும் கட்டுதலும் தன் பெயரிலேயே புலப்பட நிற்கும் மறிச்சுக்கட்டி என்னும் இலங்கை முஸ்லிம் கிராமத்தின் கதையும், அவ்வாறு மறித்துவைத்த நிழல்களைப் பற்றியதே.

மன்னார்க் கரையின் தென்பால் முசலிப் பகுதியில் உள்ள அவ்வூரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து முத்துச்சலாபக் காலங்களில் கொட்டில்களாலாய தற்காலிக நகரமொன்று எழுவதுண்டு. அதனை மேனாட்டார் படம்பிடித்து நூல்களிற் பதித்தனர். ஆயினும் அவற்றிற் காணும் சுழியோடிகள் பெரும்பாலும் பெயரற்றவர்களே. ஊர் கண்ட அப்படங்கள் மனிதரைக் காணவில்லை. மனிதரைக் காப்பவை வீட்டுப் படங்களே.

அவ்வீடுகளோ நிலைக்கவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியபோது, புத்தளத்துக்குப் பெயர்ந்தோர் கையிற் கொண்டு சென்றவை மிகச் சிலவே. கலியாணப் படம் வீட்டோடு போய்விட்ட குடும்பத்துக்கு, மௌத்தான வாப்பாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட, 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டையின் சிறு படமும் பெருநிதியாகும்.

ஒளிப்படம் என்னும் சொல் கருவியின் தொழிலைக் கூறும். நிழற்படம் என்பதோ, அந்நிழல் விழுவதற்கு ஓர் உடல் அங்கே நின்றது என்று சாட்சி பகரும். அச்சாட்சியை ஏந்தியே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், அவர்கள் எந்த இனத்தாராயினும், நீதி கேட்கின்றனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர்போராட்டம் அத்தகையதே. ஆதலின் தான் இழந்தவரைப் போற்றும் இல்லத்திலுள்ள படத்துக்கு நிழற்படம் என்பதே உரிய பெயர். சுழியோடிகளுக்கு நேர்ந்த பெயரின்மை நம்மவர்க்கும் நேராதிருக்க, ஒவ்வொரு படத்தின் பின்புறத்தும் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவைத்தல், உயிரோடிருக்கும் நம் கடன்.